இடப்பக்கத்துப் பெட்டி

“படிக்கிறது கரண்டுப் படிப்பு. ஒரு ரேடியோவ நாலு ரூம்ல கேக்குற மாதிரி செய்ய முடியாதா உனக்கு?”

நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே பாட்டி கேட்ட கேள்வி இது. மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு முடித்து விடுமுறைக்குக் கிள்ளானுக்குத் திரும்பியிருந்தேன். மூன்று ஆண்டுகளாக விரிவுரையாளர்கள் கேட்ட கேள்விகள் எதுவும் என்னை அப்படிச் சுட்டதில்லை.

பாட்டி எங்களோடு வந்து தங்கியது தாத்தா இறந்த பிறகுதான். அதற்கு முன் பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். தோட்ட வீட்டில் ஒரு வானொலி கூடத்தில் பாடினால் அடுப்படி, கொல்லை, பக்கத்து வீடு வரை கேட்கும். எங்கள் தாமான் வீடு அப்படியில்லை. செங்கல் சுவர், எப்போதும் மூடியிருக்கும் கதவுகள், ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கைப்பேசி. கூடத்தில் மின்னல் பண்பலை பாடிக்கொண்டிருக்கும். கேட்க வேண்டிய பாட்டி சமையலறையில் இருப்பார். வானொலி ஆறு 2005-இல் மின்னல் பண்பலை ஆகிவிட்டது என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அது ‘ஆறு’தான். “ஆற வையி” என்பார். முதல் முறை கேட்டபோது தங்கை தேநீரை ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்!

முதலில் தங்கைதான் ஒரு வழி சொன்னாள். கம்பியில்லா ஒலிப்பெட்டி ஒன்றைச் சமையலறையில் வைத்து, கைப்பேசிச் செயலி வழியாக அதே நிலையத்தைப் போட்டாள். இணைய ஒலிபரப்பு பண்பலையைவிடப் பல வினாடிகள் பிந்தி வரும். ஆக, கூடத்தில் வந்த செய்தி சமையலறையில் மறுபடியும் வந்தது. “என்னாத்துக்கு ஒரே சேதிய ரெண்டு தடவ சொல்றாங்க?” என்று பாட்டி கேட்டார். அதோடு, கைப்பேசியைத் திறந்து, செயலியைத் தேடி, பெட்டியோடு இணைத்து... இதெல்லாம் அவருக்கு நடக்கிற காரியமில்லை. அவருக்குத் தேவை ஒரு திருகு. வலப்பக்கம் திருகினால் பாட வேண்டும். இடப்பக்கம் திருகினால் அடங்க வேண்டும்.

ஆகவே கம்பிதான் என்று முடிவெடுத்தேன். கம்பி வழியாக வீடு வீடாக வானொலி கேட்பது புதிய சங்கதியும் அல்ல. சிங்கப்பூரில் ரெடிஃபியூஷன் 1949-இல் அப்படித்தான் தொடங்கியது. வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு கம்பி, மாதக் கட்டணம். 2012 வரைக்கும் அது இருந்தது. ஒரு நகரத்துக்கே செய்ததை நான்கு இடங்களுக்குச் செய்ய முடியாதா என்று எனக்கு ஒரு வேகம்.

அப்பா தொழிற்சாலையில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் நான் யோசனை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால்... உங்களுக்கும் தெரிந்திருக்கும், பல்கலைக்கழகத்துக்குப் போன புதிதில் நமக்கு ஒரு கர்வம் வரும். எனக்கு அது மூன்றாம் ஆண்டு வரை இருந்தது.

என் திட்டம் எளிமையானது. வீட்டிலிருந்த பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். கூடத்தில் இரண்டு பெட்டி, பாட்டி அறையில் இரண்டு, சமையலறையில் ஒன்று, வாசலில் ஒன்று. கூடத்தின் இடப்பெட்டி, பாட்டி அறையின் இடப்பெட்டி, சமையலறைப் பெட்டி மூன்றும் இடது பக்கத்துக்கு. மற்ற மூன்றும் வலது பக்கத்துக்கு. எல்லாவற்றையும் ஆம்ப்ளிஃபையரின் முனைகளில் ஒன்றாக முறுக்கிவிட்டேன். பாடியது. வீடு முழுக்கப் பாடியது. பாட்டி கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து ‘டக்’ என்று ஒரு சத்தம். எல்லாம் அடங்கிவிட்டது.

முதலாம் ஆண்டு மாணவனுக்கே தெரிந்த கணக்கு அது. ஒவ்வொரு பெட்டியும் 8 ஓம். மூன்றை இணையாகச் சேர்த்தால் 8-ஐ மூன்றால் வகுக்க வேண்டும், 2.67 ஓம். ஆம்ப்ளிஃபையரின் முதுகில் ‘குறைந்தது 4 ஓம்’ என்று எழுதியிருந்தது. தாங்க முடியாத மின்னோட்டம் ஓடி, சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள அது நின்றுவிட்டது. தேர்வில் இந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால், தேர்வுத்தாளில் பெட்டி என்பது ஒரு கட்டம்; வீட்டில் அது மரப்பலகையில் அடித்த பெட்டி. இரண்டும் ஒன்றுதான் என்று கைக்குத் தெரியவில்லை.

இன்னொரு கோளாறும் இருந்தது. சமையலறைக்கு இடது பக்கம் மட்டும், வாசலுக்கு வலது பக்கம் மட்டும் போனதால், சில பழைய பாடல்களில் ஒரு பக்கம் வாத்தியம் தூக்கலாக ஒலிக்க, மறுபக்கம் அது இருக்கிற இடமே தெரியவில்லை. சமையலறையில் நின்ற அம்மா, “பாட்டு ஏன் மொட்டையா இருக்கு?” என்றார்.

அப்பா அதுவரை வாசலில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து ஆம்ப்ளிஃபையரைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு அவர் சொன்ன கதையை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு இளவட்டமாக இருந்தபோது ஒலிபெருக்கி கட்டியவர் அவர். கோயிலில் ஓர் ஆம்ப்ளிஃபையர். அங்கிருந்து லயத்துக்கு லயம் கூம்பு ஒலிபெருக்கி, கடைசியாக ஆற்றங்கரை வரைக்கும். கையில் இருந்ததோ மெல்லிய கம்பி. “அவ்வளவு தூரத்துக்கு எட்டு ஓம்ல அனுப்புனா ஆத்தங்கரைக்குப் போறதுக்குள்ள பாட்டு செத்துப் போயிரும்மா. நூறு வோல்ட்டாக்கி அனுப்புவோம். ஒவ்வொரு குழாய்க்குப் பின்னாலயும் குட்டி டிரான்ஸ்பார்மர் இருக்கும். அது இறக்கிக்கும்.”

நான் வாயடைத்துப் போனேன். நாட்டின் மின்சாரம் 275 கிலோவோல்ட்டில் ஊர் விட்டு ஊர் போய், வீட்டு வாசலில் 230 வோல்ட்டாக இறங்குவதற்கு என்ன காரணமோ அதே காரணம். 50 வாட்டை 8 ஓம் பெட்டிக்கு நேராக அனுப்பினால் 20 வோல்ட், 2.5 ஆம்பியர். அதையே 100 வோல்ட்டில் அனுப்பினால் அரை ஆம்பியர்தான். கம்பியில் வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஐந்து மடங்கு குறைந்தால் வீண் இருபத்தைந்து மடங்கு குறையும். இதை வகுப்பில் எழுதியிருக்கிறேன். அப்பா எழுதவில்லை, கட்டியிருக்கிறார்.

மறுவாரம் அவருடைய பழைய நண்பர் ஒருவரிடமிருந்து, உடைத்துப் புதுப்பித்த கடை ஒன்றின் 60 வாட் ஆம்ப்ளிஃபையரும் ஆறு மின்மாற்றிகளும் நான்கு சுவர்த் திருகுகளும் வந்து சேர்ந்தன. இந்த முறையில் ஓம் கணக்கே இல்லை. ஒவ்வொரு மின்மாற்றியிலும் 10, 5, 2.5 வாட் என்று முனைகள் இருக்கும். எந்த அறைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த முனையில் கட்டி, மொத்தத்தைக் கூட்ட வேண்டும். கூடத்துக்குப் பத்தும் பத்தும், பாட்டி அறைக்கு ஐந்தும் ஐந்தும், சமையலறைக்கு ஐந்து, வாசலுக்குப் பத்து. மொத்தம் 45. ஆம்ப்ளிஃபையரின் 60-க்குள் அடங்கிவிட்டது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஒலி. இடது, வலது என்ற பேச்சே கிடையாது. நடந்துகொண்டும் சமைத்துக்கொண்டும் கேட்கிறவர்களுக்கு ஸ்டீரியோ எதற்கு என்று அப்பா கேட்டார். சரியான கேள்விதான்.

கம்பி இழுத்த மூன்று நாள்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி; 100 வோல்ட்டுக்கு அவ்வளவு தடிமன் தேவையில்லை, ஆனால் கையில் இருந்தது அதுதான். வெள்ளை கேசிங்கைச் சுவரோரமாக ஒட்டி அதற்குள் இழுத்தோம். வீட்டு மின்கம்பி ஓடும் குழாய்க்குள் இதை நுழைக்கக்கூடாது, ஒட்டியபடி நெடுந்தூரம் கொண்டுபோகவும் கூடாது, குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும் என்பதில் அப்பா கறார். மீறினால் பாட்டுக்குப் பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் ஒட்டிக்கொள்ளுமாம். 100 வோல்ட் என்பது விளையாட்டும் அல்ல. முழுச் சத்தத்தில் விரல் பட்டால் தூக்கிப் போடும். அதனால் முனைகளையெல்லாம் பெட்டிக்குள் மூடிவிட்டோம். நான் ஏணியில் ஏறி நின்றபோதெல்லாம் பாட்டி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பொம்பளப் புள்ள விழுந்தா கல்யாணத்துக்கு யாரு பதில் சொல்றது?” என்று அப்பாவை ஏசினார். அவர் பிடித்ததால் ஏணி ஆடியதே தவிர நிற்கவில்லை!

சோதனையை நான் என் முறைப்படி செய்தேன். அதில் அப்பா தலையிடவில்லை. முதலில் கம்பியின் ஒரு கோடியில் இரண்டு இழைகளையும் சேர்த்துவிட்டு, மறுகோடியில் மல்டிமீட்டரை வைத்தேன். பாட்டி அறைக்குப் போகும் 14 மீட்டருக்கு அரை ஓமுக்கும் குறைவு. சேர்த்ததைப் பிரித்தால் முடிவிலி. கம்பி நலம். அடுத்து, ஒவ்வொரு பெட்டியின் கூம்புக்கும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டேன். நேர்முனை சிவப்பில் பட்டால் கூம்பு முன்னே தள்ள வேண்டும். ஆறும் முன்னே தள்ளின. அப்படியிருந்தும் பாட்டி அறையில் ஒரு மின்மாற்றியைத் தலைகீழாகக் கட்டியிருந்தேன். ஒரே அறையில் ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால், நடுவில் நிற்பவருக்கு மத்தளமே கேட்காது. குரல் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாது. அதையும் கண்டுபிடித்துத் திருத்தினேன்.

கடைசியாகத் தனியொலிச் சோதனை. கைப்பேசியிலிருந்து 100 ஹெர்ட்ஸ், 1000, பிறகு 3000 ஹெர்ட்ஸ் ஒலிகளை வீடு முழுக்க அனுப்பினேன். 2000-க்கும் 5000-க்கும் இடையில்தான் மனிதக் காது மிகக் கூர்மை. 3000 வந்ததும் தங்கை மாடியிலிருந்து கத்தினாள். அம்மா காதைப் பொத்திக்கொண்டார். சமையலறைப் பெட்டிக்கு நேர்கீழே உட்கார்ந்து பாட்டி மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ‘பாட்டிக்கு எவ்வளவு பொறுமை’ என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அன்று மாலை பாட்டி தம் அறையில் கட்டிலில் உட்கார்ந்து திருகை வலப்பக்கம் திருகினார். பாடியது. சற்று நேரம் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தாயி, இந்தப் பக்கத்துப் பெட்டி பாடல.”

கட்டிலுக்கு இரு பக்கமும் சுவரில் ஒவ்வொரு பெட்டி. அவர் காட்டியது இடப்பக்கத்துப் பெட்டியை. நான் அதனருகே காதை வைத்தேன். நன்றாகவே பாடியது. “பாடுது பாட்டி” என்றேன். “எனக்குத் தெரியாதா? அது சும்மா இருக்கு” என்றார். முனை தளர்ந்து விட்டுவிட்டு வேலை செய்கிறதோ என்று எல்லாவற்றையும் கழற்றி இறுக்கினேன். பாடல. மின்மாற்றியை மாற்றினேன். பாடல. இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி மாட்டினேன். வலப்பக்கம் இருந்த நல்ல பெட்டி இடப்பக்கம் வந்ததும் அதுவும் பாடவில்லையாம்!

பழுது பார்ப்பதில் ஒரு பால பாடம் உண்டு. பழுது பெட்டியோடு சேர்ந்து நகர்ந்தால் பழுது பெட்டியில். பெட்டியை மாற்றியும் அதே இடத்தில் நின்றால் பழுது கம்பியில். கம்பியை அளந்தேன். குறையில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரவு பத்து மணி. “பாட்டி, நீங்க சும்மா சும்மா சொல்றீங்க” என்று சத்தமாகவே சொன்னேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல், எனக்கு ஏணி போட இடம் கொடுப்பதற்காகக் கட்டிலின் மறுபக்கம் போய், சுவரைப் பார்த்தாற்போல் உட்கார்ந்தார். அதாவது, இப்போது முன்பு வலப்பக்கம் இருந்த பெட்டி அவருக்கு இடப்பக்கம்.

“இப்ப இது பாடுது, அது பாடல” என்றார்.

நான் ஏணியில் நின்றபடியே இருந்தேன். பழுது பெட்டியோடும் நகரவில்லை, கம்பியோடும் நிற்கவில்லை. பாட்டியோடு நகர்ந்தது.

கீழே இறங்கி, அவருடைய வலது காதை என் உள்ளங்கையால் மெல்ல மூடினேன். “இப்ப?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. என் கேள்வியே அவருக்குப் போய்ச் சேரவில்லை. என் வாயைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில், நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும்போது அவர் சிரிப்பது அப்படித்தான். “பாட்டிக்கு வேண்டியது மட்டும்தான் கேக்கும்” என்று தங்கை கேலி செய்வாள். ஒருநாள் நான், “பால் வேணுமா?” என்று கேட்டதற்கு, “கால் இன்னிக்குப் பரவால்லம்மா, வலி இல்ல” என்றார். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே எழுந்து பாட்டியின் அறைக்குப் போனார். கதவோரம் நின்று, தாழ்ந்த குரலில், “அம்மா” என்று கூப்பிட்டார். பாட்டி திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஒரு வருசமா அவங்ககிட்ட கத்திக்கிட்டு இருக்கேன்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் காதுச் சோதனை நடந்த அறைக்குக் கண்ணாடிச் சன்னல் இருந்தது. பாட்டி தலையில் பெரிய காதொலிப்பானுடன், கையில் ஒரு பொத்தானுடன் உட்கார்ந்திருந்தார். கேட்டால் அழுத்த வேண்டும். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். நான் வீட்டில் செய்த அதே சோதனை. நான் பெட்டிகளைச் சோதித்தேன். அவர்கள் கேட்கிறவரைச் சோதித்தார்கள். வரைபடத்தில் வலது காதின் கோடு 1000 வரை ஓரளவு மேலே வந்து, பிறகு சரிவில் இறங்கியது. இடது காதின் கோடு தொடக்கத்திலிருந்தே கீழே கிடந்தது.

இடது செவிப்பறையில் பழைய துளை இருப்பதாக மருத்துவர் சொன்னார். சிறு வயதில் காதில் சீழ் வந்ததா என்று கேட்டார். வந்தது, ஏழெட்டு வயதிருக்கும், நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றினார்கள், நின்றுவிட்டது என்றார் பாட்டி. அதற்கு மேல் முதுமை வந்து, வலது காதிலும் மெல்லிய ஒலிகளை எடுத்துக்கொண்டுவிட்டது. உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிப்பவை, அவை கேட்கும். ‘க’, ‘ச’, ‘த’, ‘ப’ போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் சிறு ஓசைகள் உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கின்றன. அவைதாம் முதலில் போகும். பாலும் காலும் ஒன்றாகிப் போனது அதனால்தான்.

“வலப்பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா எனக்கு நல்லாத் தூக்கம் வரும். தாத்தா கொறட்டகூடக் கேக்காது. அதுக்குக் காரணம் இதுதானா?” என்று பாட்டி மருத்துவரிடம் கேட்டார். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அறுபது, எழுபது ஆண்டுகளாக நினைத்திருக்கிறார். காது மந்தம் என்று யாராவது சொன்னால், அது யாரோ செவிடரைப் பற்றியது என்று நினைத்துக்கொள்வாராம்.

வலது காதுக்குக் கருவி பரிந்துரைத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் மறுத்தார். கிழவி ஆகிவிட்டதாக ஊர் பேசுமாம், எழுபத்தெட்டு வயதில்! நாங்கள் வற்புறுத்தியது எதுவும் எடுபடவில்லை. மின்னலில் பிறந்தநாள் வாழ்த்து வாசித்தபோது, தோட்டத்தில் கூட இருந்த தோழியின் பெயர் வந்ததாகத் தங்கை சொல்ல, தமக்கு அது பிடிபடவே இல்லையே என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். மறுநாள், “அந்தச் சாமானக் கொண்டா” என்றார்.

அறையின் இரண்டு பெட்டிகளையும் வலப்பக்கச் சுவருக்கே மாற்றிவிட்டேன். ஒன்று போதும் என்று அப்பா சொல்லி, மற்றதைக் கழற்றிச் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டினோம். அதன் முனையை 2.5 வாட்டுக்கு இறக்கினேன். மொத்தம் 42.5. ஆம்ப்ளிஃபையர் இன்னும் ஒரு நாளும் நின்றதில்லை. அப்பா இப்போது பாட்டியிடம் பேசும்போது எழுந்து போய் வலப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறார். கருவியைப் பாட்டி நினைத்தபோது போடுவார். அப்பா அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார்.

தீபாவளிக்கு முந்திய வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் பெட்டியில் மழைச்சாரல் பட்டுக் கரகரத்தது. பழுது பார்த்து, பழையபடி தனியொலி அனுப்பிச் சோதித்தேன். 100. 1000. 3000.

சமையலறையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த பாட்டி, மாவுக் கையோடு கூடத்துக்கு வந்தார்.

“அடியே, அத நிறுத்து. காது கூசுது.”